உஷ் மாமாவின் காலி நிமிடங்கள்

உஷ் மாமாவுக்குக் காது போய்விட்டது என்ற செய்தி எனக்குப் பல வாய் மாறித்தான் வந்து சேர்ந்தது. மாமாவின் எதிர்வீட்டுக்காரர் சித்தியிடம் சொல்லி, சித்தி அம்மாவிடம் சொல்லி, அம்மா அதற்குக் கண் மூக்கெல்லாம் வைத்துத் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். மாமா தினமும் காலையில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாராம். கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசிக்கிறாராம். அப்படி என்னதான் கேட்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார். பொட்டுச் சத்தம் இல்லை.

"ஓடுதா ஓடலையான்னுகூடத் தெரியாம உக்காந்திருக்கான் பாவம்" என்று அம்மா தன் தம்பிக்காக மூக்கைச் சிந்தினாள்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவனிடம் இந்த மாதிரிச் செய்திகளைச் சொல்லவே கூடாது. ஊரில் இருப்பவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடுவார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கவலைப்பட வேண்டியிருக்கிறது. அதிலும் நான் இரண்டு மொழியில் படித்தவன். ஒரே கவலையை இரண்டு தடவை படுவேன். முதலில் வேலை செய்யும் ஊரின் மொழியில் இணையத்தைத் துழாவி, காது சம்பந்தப்பட்ட வியாதிகளை எல்லாம் அகர வரிசையில் படித்து முடித்தேன். பிறகு அதே வியாதிகளைத் தமிழில் தேடி மறுபடி படித்தேன். வருடாந்திர விடுப்பை முன்னாலேயே போட்டுக் கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது மாமாவுக்காக ஒரு வேலையும் செய்தேன். அடியில் வசனம் எழுத்தாக ஓடுகிற நல்ல திரைப்படங்களாகத் தேடி எடுத்து ஒரு பென்டிரைவில் நிரப்பிக்கொண்டேன். காது போனாலும் கண் இருக்கிறதே என்ற கரிசனம்.

மாமாவுக்கு ஒலிப்பதிவு வேலை. மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் ஒயர் சுமந்து தொடங்கியவர், பிறகு மொழிப் பயிற்சி ஒலிநாடா தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 'இது புத்தகம்', 'அது மேசை' என்று யாரோ சொல்ல, அதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வது அவர் வேலை. பதிவுக்கு முன் எல்லோரையும் "உஷ்" என்று அடக்கிப் பழகி, அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தொட்டிலில் அழும் பிள்ளையை அடக்குவார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை, வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அடக்குவார். பிரஷர் குக்கரைப் பார்த்து உஷ் என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். இப்படி ஊர் வாயை அடைத்தே பிழைப்பு நடத்திய மனிதர் தன் வாயை மட்டும் ஒரு நாளும் அடைத்ததில்லை. தெருமுனைக்குப் போய்வந்த கதையை ஆரம்பித்தாரானால் நாம் குளித்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்கலாம்.

அத்தை பள்ளியில் பூகோளம் எடுத்தவர். மாமா அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்றவர்களுக்கான நூலகம் ஒன்றுக்குப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அத்தை படிப்பார், மாமா பதிவு செய்வார். பழைய வீட்டில் ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை இருந்தது. சுவரெல்லாம் போர்வையும் கம்பளியும் தொங்கவிட்டு அதையே ஒலிக்கூடமாக்கி வைத்திருந்தார்கள். பூகோளம் முழுவதும் அங்கேதான் பதிவானது. மழையும் மலையும் காற்றழுத்தமும் அந்தக் கம்பளிகளுக்கு நடுவில் உட்கார்ந்த அத்தை குரலில் அவ்வளவு கம்பீரமாக இருக்கும்.

புத்தகம் முடிந்த கையோடு இரண்டு சங்கடங்கள். அந்தக் கட்டடத்தை யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள். மாமாவும் அத்தையும் பேருந்துகள் வட்டமடித்துத் திரும்பும் ஒரு முனையில் வீடு மாறினார்கள். அத்தைக்கு முன்பல் வரிசை ஆட்டம் கண்டு, எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. பல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 'சமவெளி' என்று சொன்னால் சன்னமாக ஒரு விசில் கூட வந்தது. பழைய அத்தை படித்த பாடத்தில் புது அத்தை ஒரு வரி படித்துச் சேர்த்தால், வேறு யாரோ எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து நூலகத்திலிருந்து பூகோளம் திரும்பி வந்துவிட்டது. அங்கே பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் பெண்மணிக்கும் பார்வை கிடையாது. அவர் காதில் எறும்பு நடந்தால்கூடப் பதிவாகிவிடும் என்று மாமா பயத்தோடு சொல்வார். நான் போய்ச் சேர்ந்த அன்று, அவர் அனுப்பியிருந்த குரல் செய்தியைத்தான் மாமா எனக்கு முதலில் போட்டுக் காட்டினார். எந்தப் பாடத்தில் இருமல், எங்கே பாத்திரம் விழுகிறது, எந்த நதி கடலில் கலக்கும்போது மாமா தும்முகிறார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா டீச்சர் குரல்லயே போகும். இல்லேன்னா நூலகக் குழுவுல, கம்ப்யூட்டரே படிக்கற மெஷின் குரலைப் போடச் சொல்றாங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல சார். ஆனா தும்மலோட என்னால அனுப்ப முடியாது."

அத்தை சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பலமுறை கேட்டிருப்பார் போலிருக்கிறது. 'மெஷின்' என்ற இடம் வருவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துரலாம் டீச்சர், எல்லாம் கையில இருக்கு" என்றார் மாமா. கையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கவனமெல்லாம் அவர் காதில் இருந்தது. கேட்காத காதுக்கு எட்டட்டும் என்று நான் சத்தம் போட்டுப் பேசினேன். வெளிநாட்டுக்குப் போய்வந்த பையன் இப்படித்தான் பேசுவான் போல என்று எண்ணி, மரியாதைக்காக மாமா அதற்கு மேல் சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, மாமனும் மருமகனும் என்ன சண்டை என்று எதிர்வீட்டில் கேட்கிறார்கள் என்றார்.

மறுநாள் அத்தைக்குப் பல்லை ராவிச் சரிசெய்ய மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. மாமாவும் கூடப் போனார். அவர் கணினி, இடமே இல்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நான் சுத்தம் செய்து வைக்கிறேன் என்று வலியப் போய் மூக்கை நுழைத்தேன். வேண்டாதது இருந்தால் தள்ளு, மற்றதைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேண்டாதது எது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அலுவலகத்தில் என் மேசையைப் பார்த்தால் அங்கே யாரும் வேலை செய்வதாகவே தோன்றாது. 'அறை' என்ற பெயரில் ஒரு கோப்புறை கண்ணில் பட்டது. உள்ளே வரிசையாகத் தேதி போட்ட ஒலிக்கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முதல் கோப்பைத் திறந்தேன். சத்தமில்லை. அடுத்ததும் அப்படியே. ஒலியை உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். எங்கோ தூரத்தில் காற்று படுத்துக் கிடப்பது போல ஏதோ இருந்தது, பேச்சு இல்லை. இன்னும் பலவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அதே கதை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் போட மறந்துவிட்டு, பதிவாகிறது என்று நம்பிக்கொண்டு, மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு இந்த வெற்றுக் கோப்புகளைப் போட்டுத் தலையாட்டி ரசித்தும் இருக்கிறார். இதை நூலகத்தார் பார்த்தால் என்ன ஆகும்? அத்தை பார்த்தால்? ஒரு தொழில்காரனின் மானம் என் கையில் இருப்பதாகத் தோன்றியது. மொத்தக் கோப்புறையையும் அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியில் கிடந்தால் மறுபடி கண்ணில் பட்டு மனம் நோவாரே என்று தொட்டியையும் காலி செய்தேன். காலியான இடத்தில், கொண்டுவந்திருந்த படங்களை எல்லாம் கொட்டினேன். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, சொந்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தச் சாய்வை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பல் மருத்துவரிடமிருந்து வந்ததும் மாமா நேராகக் கணினியில்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினார்.

"மருமகனே, அறை எங்க?"

"எந்த அறை மாமா?" என்று பக்கத்து வீதிக்குக் கேட்கும்படி கேட்டேன்.

"கத்தாத. எனக்கு நல்லாவே கேக்குது. நேத்து நீ டீச்சர்கிட்ட மாமாவுக்கு எந்தக் காதுன்னு கிசுகிசுத்தியே, அதுகூடக் கேட்டுச்சு. மாமனுக்கு வயசாயிடுச்சேன்னு பையனுக்கு ஏதோ பாசம்னு விட்டுட்டேன். அறை எங்க?"

செய்ததைச் சொன்னேன். மானத்தைக் காப்பாற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

மாமா பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு பூகோளத்தில் ஒரு பாடத்தைத் திறந்து, அத்தை இருமிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு எனக்குப் போட்டுக் காட்டினார். இருமல் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் பேச்சு சடாரென்று அறுந்து, பாதையில் குழி விழுந்ததுபோல் ஒரு வெறுமை வந்து, மறுபடி பேச்சு தொடர்ந்தது. இருமலே தேவலை என்று தோன்றியது. அந்தக் குழியை நிரப்பத்தான் அந்தக் காலி நிமிடங்கள். எந்த அறையும் சும்மா இருப்பதில்லையாம். யாரும் பேசாதபோதும் அதற்கென்று ஒரு மூச்சு உண்டாம். ஒவ்வொரு நாளும் பதிவு தொடங்கும் முன், அத்தையை அசையாமல் உட்காரவைத்து ஒரு நிமிடம் அந்த அறையின் மூச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வெட்டிய இடத்தில் அதைத் துண்டு துண்டாக ஒட்டினால் யாருக்கும் தெரியாது. வேறு அறையின் மூச்சை ஒட்டினால் உடனே தெரியும். எதிர்வீட்டுக்காரர் பார்த்தபோது, எந்த நாளின் மூச்சு எந்தப் பாடத்துக்குப் பொருந்தும் என்றுதான் மாமா கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வேறு எங்கிருந்தாவது எடுக்க முடியாதா என்று கேட்டேன். அந்த அறை இருந்த இடத்தில் இப்போது பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அத்தையின் வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை வெட்டி ஒட்டலாமே என்று யோசனை சொன்னேன். அத்தை வகுப்பிலேயே மணி அடிப்பதற்குள் பாடத்தை முடித்துவிடும் அவசரக்காரர். இடைவெளி என்பதே கிடையாது. தப்பித்தவறி விட்ட இடத்தில் மூச்சு வாங்கியிருந்தார்.

அத்தை முதலில் சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்லாததைத் தொலைச்சிட்டு ரெண்டு பேரும் முழிக்கிறீங்களே" என்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்ப என் பூகோளம் மெஷினுக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். அத்தை உள்ளே போய் மிக்ஸியை ஓடவிட்டார். அந்த வீட்டில் அது ஒரு பெரிய எதிர்ப்பு.

என்னிடம் ஒரு கணினி, இரண்டு மொழி, ஏராளமான பதற்றம் இருந்தது. அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, இறக்கி, மாமாவின் கணினியிலேயே நிறுவினேன். அது நிறுவப்பட்டு முடிந்ததும், வழிமுறைகளைப் படித்தேன். முதல் வரி: கோப்பை இழந்த வட்டில் இனி எதையும் எழுதாதீர்கள், இந்த மென்பொருளையும் அதில் நிறுவாதீர்கள். எந்த ஊரில் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் முதலில் கையேட்டைப் படிப்பவன் நான். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை இரண்டு மொழியிலும் படித்து, மொழிபெயர்ப்பில் பிழை கண்டுபிடித்திருக்கிறேன். தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் கடைசியில்தான் படித்தேன்.

கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். சாவி செய்யும் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் செருகிவைத்ததுபோல் ஒரு கடை. மேசை முழுக்க மூடி திறந்த கைபேசிகள். அவற்றுக்குப் பின்னால், காதில் சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு கடைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஃபைல் சார்?"

"சவுண்ட் ஃபைல்."

"உள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

அவள் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தாள். "ஒண்ணும் இல்லாததை எதுக்கு சார் எடுக்கணும்?"

மாமா முன்னால் வந்து மைக் செட் காலத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள். அல்லது கேட்டுக்கொண்டே வேறு ஒரு கைபேசியைக் கழற்றினாள். கதை மொழிப் பயிற்சி நிறுவனத்தை எட்டியபோது இடைமறித்து, அழித்தது யார் என்றாள். மாமாவும் அத்தையும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள். அதற்கப்புறம் அதில் ஏதாவது ஏற்றினீர்களா என்றாள். படங்களைச் சொன்னேன். மென்பொருளையும் சொன்னேன்.

"படமெல்லாம் நல்லாருந்துச்சா சார்?" என்றாள், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல்.

பிறகு அவளே விளக்கினாள். அழித்தால் கோப்பு உடனே போய்விடாது, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை மட்டும்தான் போகும், வேறு ஆள் குடிவரும்வரை உள்ளே சாமான் அப்படியே கிடக்கும் என்றாள். "நீங்க பலகையை எடுத்ததோட நிக்கல. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து உள்ள குடிவெச்சிட்டீங்க. எந்த மூலையாவது மிஞ்சியிருக்கான்னு பாக்கறேன். நம்பிக்கை வெச்சுக்காதீங்க." கடைசி வாக்கியத்தை அத்தையைப் பார்த்துச் சொன்னாள். அத்தை தலையை அசைத்துக்கொண்டார்.

காத்திருந்த நாட்களில் நான் அந்தக் கடைக்கு அடிக்கடி தொலைபேசி செய்து தொல்லை கொடுத்தேன். ஒரு கட்டத்தில் அவள் என் குரல் கேட்டதும் "இன்னும் இல்ல" என்று சொல்லி வைத்துவிடப் பழகினாள். பிறகு ஒரு காலை அவளே கூப்பிட்டாள். சிலது வந்திருக்கிறது, பெயர், தேதி எதுவும் இல்லை, பாதிக்கு மேல் சேதம்.

"வேற ஆளுன்னா போட்டுப் பாத்து, சத்தம் வந்தா சரின்னு குடுத்துருவேன் சார். உங்க விஷயத்துல சத்தம் வந்தா தப்பு. வராட்டி அது சரியா, செத்துப்போனதான்னு எனக்குத் தெரியல. அந்தப் பெரியவரையே கூட்டிட்டு வாங்க."

மாமா தன் ஹெட்போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கடை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் சாவி அறுக்கும் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். நகல் கடையில் வரிசையில் நின்றவர்கள், இங்கே என்னவோ நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களையும் அடக்கினார். வியர்த்து வழிய எல்லோரும் நின்றோம். கோப்பு ஒவ்வொன்றாக ஓடியது. இது செத்தது, இதுவும் செத்தது என்று மாமா கையை ஆட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். அத்தை என் பக்கத்தில் நின்றிருந்தார். ஒவ்வொரு தள்ளலுக்கும் அவர் கைப்பையின் வாரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

திடீரென்று மாமாவின் முகம் மலர்ந்தது.

"இதுதான். நம்ம உள்ளறைதான். மழைக்காலம் டீச்சர், நல்ல மழை. தூரத்துல இடி உருளுது பாரு, எவ்வளவு சன்னமா, அந்தக் கம்பளி ஈரத்துல கனத்துத் தொங்குது, அதுகூடத் தெரியுது..." சொல்லிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி, ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, அத்தையின் தலையில் மாட்டினார்.

அத்தை கண்ணை மூடிக் கேட்டார். முகம் இளகியது. அந்த அறையில்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். மறுகணம் "ஐயோ" என்று ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கீழே கிடந்த ஹெட்போனிலிருந்து, தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் ஓர் இரைச்சல் கடை முழுக்கக் கேட்டது.

"அது உங்க படம் சார்" என்றாள் கடைக்காரப் பெண் என்னிடம். "அந்த இடத்துலேர்ந்து குடிவந்திருக்கு."

அத்தை காதைத் தேய்த்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். அந்த இடி" என்றார்.

"ஏன், நல்ல இடிதானே?"

"அது இடி இல்ல. உங்க வயிறு."

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி போட்டுக் கேட்டார். கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, இடியைவிட வயிறு என்றே எனக்குப் படுகிறது என்று நாசூக்காகச் சொன்னாள். சாவிக்காரரும் வயிற்றுக்கே ஓட்டுப் போட்டார்.

"இத்தனை வருஷம் பக்கத்துல இருந்து கேக்கறேன்" என்றார் அத்தை. "எனக்குத் தெரியாதா அந்த இடியை?"

ஆக, மாமாவின் வயிற்றுக்கும் என் படத்துக்கும் நடுவில் சில விநாடிகள் மிஞ்சின. அந்த உள்ளறையில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். மற்ற கோப்புகள் எதுவும் தேறவில்லை. மாமா அதையே வெட்டி, திருப்பி, நீட்டி, குறுக்கி, பூகோளம் முழுக்க ஒட்டினார். இருமல்மேல் ஒட்டினார். பாத்திரத்தின்மேல் ஒட்டினார். நதி சத்தமில்லாமல் கடலில் கலந்தது. எனக்குக் கேட்டவரை எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் என் காதுக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் இருப்பதால் யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

மாமாவுக்கு ஒரே பயம், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதை அந்த அம்மா பிடித்துவிடுவாரோ என்று. அனுப்பிய அன்று அத்தையே நூலகத்துக்குப் பேசினார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன், குழு கூடும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவேன் என்று அந்த அம்மா பதில் சொன்னாராம். குரலில் ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றார் அத்தை. "அவங்க குரல்ல எதுவும் விட மாட்டாங்க. கேக்கறவங்களாச்சே."

குழு கூடும் நாளும் நான் திரும்பிப் போகும் நாளும் ஒன்றாக அமைந்தது. காலையிலிருந்தே மூவரும் தொலைபேசியைச் சுற்றி வந்தோம். மாமா தன் பயத்தைப் பேசித் தீர்த்தார். பேச்சோடு பேச்சாக, நான் கொண்டுவந்த படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டதாகவும், ஒலிப்பதிவு சகிக்காததால் சத்தத்தை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் படித்ததாகவும் சொன்னார். நான் பெட்டியைக் கட்டி, பிரித்து, கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தார்.

"வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். இப்படி உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும். அடுத்த புஸ்தகத்தை ஆரம்பிங்க. பல்லு பழகிடுச்சு."

"எந்த புஸ்தகம் டீச்சர்? இன்னும் குடுக்கவே இல்லையே அவங்க."

"குடுப்பாங்க. இல்லேன்னா நான் சும்மா படிக்கறேன். 'சமவெளி' சொல்லட்டா?" சொன்னார். விசில் இருந்தது; முன்னைக்குக் குறைவுதான்.

படுக்கையறையில் ஜன்னலை மெத்தையால் மறைத்தோம். அலமாரிக் கதவுகளைத் திறந்து, துணிகள் சத்தத்தை விழுங்கட்டும் என்று விட்டோம். முதலில் இந்தப் புது அறையின் காலி நிமிடத்தைப் பிடிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார். நான் உட்கார்ந்தால் நாற்காலி முனகும் என்று என்னைத் தரையில் உட்காரவைத்தார். அத்தை மைக்குக்கு எதிரில் மடியில் புத்தகத்தை விரித்து, அதன்மேல் சத்தம் நிறுத்திய கைபேசியைக் கவிழ்க்காமல் வைத்துக்கொண்டார். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

முனையில் ஒரு பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அது போகக் காத்திருந்தோம். அடுத்தது வந்தது. அதுவும் போனது. பதிவு தொடங்கிவிட்டது என்று மாமா ஒரு விரலைத் தூக்கினார். முதல் தடவை நான் கொட்டாவி விட்டுக் கெடுத்தேன். இரண்டாவது தடவை குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள். மாமா திரும்பாமலே பெருமூச்சு விட்டு, மறுபடி விரலைத் தூக்கினார்.

அப்போது அத்தையின் மடியில் வெளிச்சம் வந்தது.

நூலகத்தின் பெயர் திரையில் தெரிந்தது. அத்தை பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே ஒரு வண்டியும் இல்லை. மாமாவின் முதுகு அசையாமல் இருந்தது. அவர் முன்னால் ஒலியளவு காட்டும் பச்சைக் கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்து அந்த முனை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

எடுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எடுக்காமல் விட்டால் அந்த அம்மா மறுபடி கூப்பிடுவாரா, நாமே கூப்பிட்டால் குழு கலைந்திருக்குமா, நான் இப்போது எழுந்தால் முட்டி சொடுக்கிவிடுமா என்று இரண்டு மொழியிலும் ஒரு சுற்று பயந்து முடித்தேன். ஏற்கெனவே ஒரு தடவை இந்த வீட்டில் யோசித்து முடிவெடுத்தவன் என்பது நினைவுக்கு வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அத்தையின் கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. உதடுகளை உள்ளிழுத்துப் புதுப் பற்களின்மேல் அழுத்திக்கொண்டு, பாடம் கேட்கும் மாணவிபோல் நேராக உட்கார்ந்திருந்தார். மாமா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. வெளிச்சம் மடியில் துடித்துக்கொண்டே இருந்தது.